பூட்டற்ற ஒத்திசைவு

பூட்டற்ற ஒத்திசைவு என்பது, ஒரே சமயத்தில் இயங்கும் பல பணிகள் பொதுவான தரவைப் பூட்டு எதுவுமின்றிப் பிழையறப் பகிர்ந்துகொள்ளும் நிரலாக்க முறையாகும். குறித்த கெடுவுக்குள் விடையளிக்க வேண்டிய நிகழ்நேர உட்பொதி முறைமைகளில் இது பயன்படுகிறது.

பூட்டினால் எழும் சிக்கல்

தரவைப் பூட்டிய பணி அதனை விடுவிக்கும்வரை, அதைவிட முன்னுரிமை மிக்க பணியும் காத்திருக்க நேரும். இடைநிலைப் பணிகள் குறுக்கிட்டால் காத்திருப்பு மேலும் நீளும். இது முன்னுரிமைத் தலைகீழாக்கம் எனப்படும். 1997 இல் செவ்வாயில் தரையிறங்கிய நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, இதனால் பலமுறை தானாக மறுதொடக்கம் ஆனது. பூட்டியுள்ள பணிக்குக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் வசதியைப் புவியிலிருந்தே இயக்கி, பொறியாளர்கள் இதனைச் சரிசெய்தனர்.

செயற்பாடு

பூட்டற்ற முறையில், பணி பழைய மதிப்பைப் படித்துப் புதிய மதிப்பைக் கணிக்கிறது. நினைவகத்தில் பழைய மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் புதியதை எழுதும் 'ஒப்பிட்டு மாற்று' என்னும் பிரிக்கவியலாச் செயலைப் பின்னர் நிகழ்த்துகிறது. இடையில் மதிப்பு மாறியிருந்தால் மீண்டும் முயல்கிறது.

வரம்புகள்

ஏதேனும் ஒரு பணி முன்னேறுவது உறுதி. ஆயினும், ஒரு குறிப்பிட்ட பணியின் மறுமுயற்சிகளுக்குப் பொதுவாக எல்லையில்லை. ஒற்றைச் செயலியில் பிற பணி குறுக்கிட்டால் மட்டுமே மறுமுயற்சி தேவைப்படுவதால், குறுக்கீடுகளைக் கணக்கிட்டு அவ்வெல்லையை முன்கூட்டியே அறியலாம். ஒவ்வொரு பணிக்கும் எல்லையை உறுதிசெய்யும் முறை, காத்திருப்பற்ற ஒத்திசைவு எனப்படும்.