ஒருவருக்காகச் செய்த இருக்கை: வீட்டில் கட்டும் விமானங்கள் சொல்லும் பாடம்

1997 ஒக்டோபர் 12ஆம் திகதி மாலை, அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் தான் அண்மையில் வாங்கிய சிறிய விமானத்தில் கலிபோர்னியாவின் மொன்டரே விமான நிலையத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். சிறிது நேரத்தில் விமானம் பசிபிக் குரோவ் கரையோரக் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

அது 'லோங்-ஈசி' வகை விமானம். பேர்ட் ருட்டானின் வரைபடத்தை வைத்து வேறொருவர் தன் கையால் கட்டியது. வரைபடத்தின்படி எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி விமானியின் முன்னால் இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். டென்வருக்கோ சுக்கான் மிதிகளுக்குக் கால் சரியாக எட்டவில்லை. அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டார்.

அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அந்த இருக்கையில் அமரும் ஒருவரின் அசைவுகளை ஆராய்ந்தது. பிடியை எட்டுவதற்காக உடலைத் திருப்பும்போது வலது கால் தன்னையறியாமலே வலது மிதியை அழுத்துவது தெரியவந்தது. பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறியதும், தவறுதலாக வலது மிதி அழுத்தப்பட்டதும் விபத்துக்குக் காரணம் என்று சபை முடிவு செய்தது. பிடி இருந்த இடம், குறைவான எரிபொருள், அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாமை என்பனவும் சேர்த்துச் சொல்லப்பட்டன. தலையணை மட்டும் காரணமல்ல. ஆனால் விமானம் ஓட்டுபவரின் உடலுக்குப் பொருந்தவில்லை என்பதன் அடையாளம் அது.

ஏன் இந்தச் சிக்கல்?

அமெரிக்காவில் வீட்டில் விமானம் கட்டுவது சட்டபூர்வமானது. பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. 1953இல் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் இவர்களுக்கான பெரிய அமைப்பு. இப்படிக் கட்டுபவர் பெரும்பாலும் தன் உயரத்துக்கே இருக்கையை அமைப்பார். பிறகு மனைவி ஓட்டுவார், நண்பர் ஓட்டுவார், ஒருநாள் விமானம் கைமாறும். அப்போதுதான் நகர்த்தக்கூடிய இருக்கையின் தேவை புரியும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. இருக்கையை அசைக்காமல் மிதிகளை நகர்த்தலாம். முதுகுச் சாய்வை மட்டும் முன்பின்னாக மாற்றிப் பொருத்தலாம். தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் முழு இருக்கையையும் நகர்த்தலாம். முதல் இரண்டிலும் பாரம் குறைவு, பழுதும் குறைவு. மூன்றாவது வசதியானது. ஆனால் கவனம் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

இருக்கை நழுவினால்

தொழிற்சாலையில் செய்த செஸ்னா விமானங்களிலேயே இது நடந்திருக்கிறது. சட்டத்தின் துளைகளும் அவற்றில் விழும் பூட்டு ஊசியும் தேய்ந்துவிட, விமானம் மேலெழும் கணத்தில் இருக்கை பின்னால் சறுக்கும். விமானி விழாமலிருக்கக் கையில் இருப்பதைப் பற்றிக்கொள்வார். கையில் இருப்பது கட்டுப்பாட்டுச் சக்கரம். அதை இழுத்தால் மூக்கு நிமிரும், வேகம் குறையும், விமானம் விழும். 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை இந்தச் சட்டங்களைச் சோதிக்க வேண்டும் என்று 1987இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது. 2011இல் அந்த ஆணை புதுப்பிக்கப்பட்டது.

பொருத்தும்போது பார்க்க வேண்டியவை

சட்டங்களைத் தரைத் தகட்டில் மட்டும் திருகக்கூடாது. அடியில் உள்ள குறுக்குச் சட்டகங்களோடு, விமானத்துக்குரிய தரமான போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். பூட்டு ஊசி இரு பக்கமும் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் இருக்கை கோணிக்கொள்ளும். ஊசி தவறினாலும் இருக்கை வெளியேறாதபடி இரு முனைகளிலும் தடுப்பு இருக்க வேண்டும்.

சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில், அவசரத் தரையிறக்கத்தின்போது பயணி முன்னோக்கித் தள்ளப்படும் விசை புவியீர்ப்பைப் போல 9 மடங்கு என்று நீண்டகாலமாகக் கணக்கிடப்பட்டது. 77 கிலோ எடையுள்ளவர் அப்போது 693 கிலோ போல இழுப்பார். பாதுகாப்புப் பட்டியை இருக்கையில் கட்டினால் அந்த இழுவை முழுவதும் பூட்டு ஊசியில் விழும். விமானத்தின் உடற்சட்டத்தில் கட்டினால், இருக்கை நழுவினாலும் ஆளைப் பட்டி காக்கும்.

மென்மையான ஸ்பொஞ்சு சுகமாக இருக்கும். ஆனால் மோதலில் அது நொடியில் நசுங்கி, உடல் அடித்தகட்டில் மோத, முள்ளந்தண்டில் அடி கூடும். மெதுவாக அமிழ்ந்து மெதுவாக மீளும் நுரை பாதுகாப்பானது.

இருக்கை நகர்ந்தால் விமானத்தின் ஈர்ப்பு மையமும் நகரும். எனவே முன் எல்லை, பின் எல்லை இரண்டுக்கும் எடைச் சமநிலையைக் கணக்கிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நிலையிலும் அமர்ந்து பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோலைக் கடைசிவரை இழுத்தால் தொடையில் இடிக்கிறதா? மிதியைக் கடைசிவரை அழுத்தக் கால் எட்டுகிறதா? பட்டியைத் தளர்த்தாமலே எல்லாப் பிடிகளும் கைக்கு வருகின்றனவா? தலை கூரையில் முட்டுகிறதா? ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும் உடலை முன்னும் பின்னும் தள்ளி, பூட்டு விழுந்ததா என்று உறுதி செய்ய வேண்டும்.

எங்களுக்கு இதில் என்ன?

விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய எங்களில் பலருக்கு, ஆசைக்காக விமானம் கட்டுவது வேற்றுலகக் கதையாகத் தோன்றலாம். ஆனால் பொருந்தாத இருக்கை எங்களுக்குப் புதிதல்ல. யாரோ ஒருவரின் அளவுக்குச் செய்த சக்கர நாற்காலியில், பக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்து உட்கார்ந்திருப்பவரை நாங்கள் அறிவோம். இருக்கையின் அகலமும் ஆழமும் கால்தாங்கியின் உயரமும் பாவிப்பவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டலும் வலியுறுத்துகிறது. பொருந்தாவிட்டால் படுக்கைப் புண் வரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அது உயிராபத்து.

தலையணை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நின்று, அளவெடுங்கள். நாற்காலி தருபவரிடம் அளவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை அல்ல.