கரை காத்தவரும் கணக்கு எழுதியவரும்

தொண்டை மண்டலத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் ஏரிக் கரையைக் கண்விழித்துக் காக்க வேண்டிய மாதங்கள். அடைமழை பெய்யும் இரவொன்றில், கரையின் வெளிச்சரிவில் எலிவளை வழியாகக் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அச்சமில்லை. அது மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாக வரத் தொடங்கிவிட்டால், விடிவதற்குள் கரை போய்விடும். அந்த வேளையில் யார் ஆள் கூட்டுவது, வைக்கோலுக்கும் மரத்துக்கும் பொதுப் பொருளிலிருந்து யார் எடுப்பது, எடுத்ததை யார் எழுதி வைப்பது என்று சபை கூட்டி விவாதிக்க அவகாசம் ஏது?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும் பொறிக்கப்பட்ட இரண்டு சாசனங்களைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவற்றில் கரை உடைந்தால் செய்ய வேண்டியது குறித்து ஒரு வரியும் கிடையாது. ஆயினும், பல்லவ தந்திவர்மன் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பேரேரியை நம்பி வாழ்ந்த ஊரார், ஆபத்து வந்த பிறகு தலைவரைத் தேடாதபடி ஆண்டுதோறும் ஆறு பேரை ஏரி வாரியத்துக்கென்று முன்கூட்டியே நியமித்து வைத்திருந்தார்கள் என்பதை அச்சாசனங்களே தெரிவிக்கின்றன.

ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். அவ்வோலையை ஊர் நடுவனான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசிப்பான். விரல்களுக்கிடையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவ்வூர்ப் பெரியோருக்கு இருந்திருக்கிறது! தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்ஸர வாரியம் எனும் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். முன்பு தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்தவர்களுக்கும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுக்குமே சம்வத்ஸர வாரியம் உரியதாயிற்று. ஆகவே மழைக்காலத்தில் ஏரிக்கரையில் நின்று பழகியவர்கள் ஊரின் முதன்மை வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். இடையில் குற்றம் தெரிந்தால் உடனே நீக்கம்.

தேர்தலைக் காட்டிலும் என்னை வியக்க வைப்பது கணக்கைப் பற்றிய கண்டிப்புதான். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்று, அவருடைய தகப்பனார், பிள்ளை, சகோதரர், மாமனார், மருமகன், தாய்மாமன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன் என்று உறவின் கிளைகள் யாவும் தகுதியற்றவை. பொய்யாவணம் எழுதியவருக்கும் அதே கதி. கணக்கனோ, தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் ஒப்புவித்துச் சுத்தன் என்று பெயர் வாங்கிய பின்னரே மறுபடியும் கணக்கெழுதலாம். ஒருவன் எழுதியதை முடித்துவைக்க இன்னொருவன் புகக் கூடாது. அவசர காலத்துச் செலவில்தான் கை மாறிக் கை மாறிப் பொறுப்புக் கரைந்துபோகும் என்பதை அறிந்தவர்கள் இயற்றிய விதி போலவே எனக்குத் தோன்றுகிறது. விதியை எழுதியவனும் தன் பெயரை மறைக்கவில்லை: மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன் என்று தன்னைக் குறித்துவிட்டுத்தான் முடிக்கிறான்.

இத்தனை பெருமையிலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. குடத்தில் இடப்பட்டவை பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்களே. கூடையில் மண் சுமந்து உடைப்பை அடைத்த கைகளின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் கும்பினிப் பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை அளந்து விவரம் திரட்டியபோதும், களத்து மேட்டில் விளைச்சலிலிருந்து ஏரிப் பராமரிப்புக்கென்றும் கணக்குப்பிள்ளைக்கென்றும் தனித்தனிப் பங்கு ஒதுக்கப்பட்டு வந்தது. வாரியம் போய்விட்டது, கரையும் கணக்கும் ஒரே களத்து நெல்லை உண்டு பிழைத்திருந்தன. வருவாய்ச் சீர்திருத்தங்களால் அந்தப் பங்குகள் தேய்ந்தபின், ஊராரே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தும் தேய்ந்தது. முடிவில் 1858இல், வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேருங்கால் கிராமத்தாரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கச் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அழைத்தும் வராதவனுக்குத் தண்டனை விதித்த அந்தச் சட்டத்தில், அழைத்தவர் கணக்கு ஒப்புவிக்காவிட்டால் அவருடைய மைத்துனரை என்ன செய்வது என்பதற்கு இடமில்லை.