தானாகச் சுற்றாது என்று நம்பப்பட்ட காற்றாலை

நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தலைக் கடந்தவர்களுக்குக் காற்றாலை என்றாலே ஒரே உருவம்தான் மனதில் வரும். உயரமான கோபுரம், உச்சியில் மூன்று பிளேடு, காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். இதன் சுழல் அச்சு தரைக்குக் கிடையாக இருப்பதால் இதைக் கிடை அச்சு டர்பைன் என்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அதன் அச்சு கம்பம் போல நேராக நிற்கும். வளைந்த இரண்டு பிளேடுகள் மேலும் கீழும் கம்பத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு ராட்சத முட்டை கலக்கி மாதிரி இருக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதற்குக் கவலை இல்லை, திரும்ப வேண்டிய அவசியமே கிடையாது. ஜெனரேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் தரையிலேயே இருக்கும். ரிப்பேர் பார்க்க எண்பது மீட்டர் ஏணி ஏற வேண்டாம்.

இவ்வளவு வசதி இருந்தும் அது ஏன் தோற்றது? இந்தக் கேள்வியோடுதான் சில மாதங்களாக ராத்திரி நேரங்களில் ஓப்பன்ஃபோம் என்ற இலவச சாஃப்ட்வேரில் இந்த டர்பைனை சிமுலேட் செய்துகொண்டிருக்கிறேன். படித்ததையும் ஓட்டிப் பார்த்ததையும் சேர்த்து இந்தக் குறிப்பு.

ஸ்கிப்பிங் கயிறு

செங்குத்து அச்சு புதிய யோசனை இல்லை. கிழக்கு ஈரானில் நஷ்டிஃபான் என்ற ஊரில் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய பழைய காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. அவை காற்றின் தள்ளலில் சுற்றுபவை. பாய்மரத்தைக் காற்று தள்ளுவது மாதிரி. தள்ளலில் சுற்றும் எதுவும் காற்றைவிட வேகமாக ஓட முடியாது. மாவு அரைக்க அது போதும், மின்சாரத்துக்குப் போதாது.

பிரெஞ்சு எஞ்சினியர் ஜார்ஜ் டாரியூ 1920-களில் இதை மாற்றினார். விமான இறக்கையின் குறுக்குவெட்டைப் பிளேடுக்குக் கொடுத்தார். இப்போது பிளேடு தள்ளலை நம்பி இல்லை, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு விசையில் ஓடுகிறது. காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓட முடியும். 1931-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதோடு எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

1960-களின் பிற்பகுதியில் ஒட்டாவாவில், கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் பீட்டர் சவுத், ராஜ் ரங்கி என்ற இரண்டு பேர் இதே வடிவத்தைத் தாங்களாகவே மறுபடி கண்டுபிடித்தார்கள். டாரியூ என்று ஒருத்தர் ஏற்கெனவே காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் களத்தில் குதித்தது.

பிளேடு ஏன் வளைந்திருக்கிறது என்பது அழகான விஷயம். ஸ்கிப்பிங் கயிறை இரண்டு பேர் பிடித்துச் சுற்றும்போது அது ஒரு வளைவு எடுக்குமே, கிட்டத்தட்ட அதே வளைவு. அதற்கு ட்ரோபோஸ்கீன் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தார்கள். சுழலும் கயிறு என்று அர்த்தம். கயிறால் வளைவு விசையைத் தாங்க முடியாது, இழுவிசையை மட்டும்தான் தாங்கும். ஆகவே அந்த வடிவத்தில் செய்த பிளேடிலும் மையவிலக்கு விசை வெறும் இழுவிசையாகவே இறங்கும், பிளேடை வளைக்காது. கணக்கு சுத்தம்.

ஆனால் கணக்கில் காற்று இன்னும் வரவில்லை.

ஒரே சுற்றில் இரண்டு உலகம்

கிடை அச்சு டர்பைனில், காற்று சீராக வீசினால் பிளேடு மேல் விழும் விசை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். செங்குத்து அச்சில் அப்படி இல்லை. பிளேடு அரைச் சுற்று காற்றை முதலில் சந்திக்கும் பக்கத்தில் போகிறது, அடுத்த அரைச் சுற்று பின்பக்கம் போகிறது. முன்பக்கம் போகும்போது காற்று பிளேடின் வெளிப்புறத்தில் படும், பின்பக்கம் போகும்போது உட்புறத்தில் படும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் விசை ஒரு திசையில் ஏறி, பூஜ்யமாகி, எதிர்த்திசையில் ஏறி, மறுபடி பூஜ்யமாகும்.

காற்று பிளேடை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைத் தாக்கு கோணம் என்போம். பிளேடின் வேகம் காற்றின் வேகத்தைப்போல் நான்கு மடங்கு என்றால், ஒரு சுற்றில் இந்தக் கோணம் கிட்டத்தட்ட 14.5 பாகை வரை ஏறி, மறுபக்கம் அதே அளவு இறங்கும். இரண்டு மடங்கு என்றால் 30 பாகை வரை போகும். பள்ளிக்கூட முக்கோணவியல்தான், பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். சாதாரண சமச்சீர் இறக்கை வடிவங்கள் 12 முதல் 15 பாகைக்குள் ஸ்டால் ஆகிவிடும், அதாவது காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். ஆக, நான்கு மடங்கில் ஓடும் டர்பைன் விளிம்பில் நிற்கிறது. இரண்டு மடங்கில் ஓடுவது ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் விழுந்து எழுந்து வருகிறது.

விழுவதும் ஒழுங்காக விழாது. கோணம் வேகமாக ஏறும்போது பிளேடின் முன் விளிம்பில் ஒரு சுழல் உருவாகும். அது மேற்பரப்பில் உருண்டு போகும்வரை தூக்கு விசை வழக்கமான எல்லையைத் தாண்டி ஏறும். சுழல் கழன்றதும் சடாரென்று விழும். இதற்குப் பெயர் டைனமிக் ஸ்டால். கழன்ற சுழல் சும்மா போவதில்லை, காற்றோடு பின்பக்கம் மிதந்து போய், அங்கே வரும் பிளேடு மேலேயே மோதும்.

1970-களின் பொறியாளர்களிடம் இதைக் கணக்குப் போட என்ன இருந்தது? 1974-ல் கனடாவின் டெம்ப்ளின் முழு ரோட்டரையும் ஒரே காற்றுக் குழாயாக வைத்து ஒரு மாடல் செய்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஸ்ட்ரிக்லண்ட் பல குழாய்களாகப் பிரித்தார். 1980-களின் தொடக்கத்தில் பராஸ்கிவோயு முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாகப் பிரித்தார். எல்லாமே புத்திசாலித்தனமான மாடல்கள், அந்தக் காலக் கம்ப்யூட்டரில் சீக்கிரம் ஓடக்கூடியவை. சராசரியாக எவ்வளவு மின்சாரம் வரும் என்பதை நன்றாகவே சொல்லின. ஒரு குறிப்பிட்ட நொடியில் பிளேடில் என்ன அடி விழுகிறது என்று சொல்வதில்தான் தடுமாறின.

மக்தலேன் தீவுகள், 1978

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் மக்தலேன் தீவுகள் இருக்கின்றன. காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இடம். 1977-ல் அங்கே 200 கிலோவாட்டுக்கு மேல் திறன் கொண்ட டாரியூ டர்பைனை நிறுவினார்கள். அந்த வகையில் அன்று அதுதான் பெரியது.

அந்தக் காலப் பாடம் இது: டாரியூ டர்பைன் தானாகத் தொடங்காது. நின்றிருக்கும்போது அதன் பிளேடுகளில் சுழற்சிக்கான விசை மிகக் குறைவு. மோட்டார் வைத்து முதலில் சுற்றிவிட வேண்டும், வேகம் பிடித்த பிறகுதான் காற்று அதை ஓட்டும். இது பாதுகாப்பு அம்சமாகவும் பார்க்கப்பட்டது. நின்ற டர்பைன் நின்றபடியே இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1978 ஜூலையில் பராமரிப்பு வேலைக்காக ரோட்டரை கியர்பாக்ஸிலிருந்து பிரித்தார்கள். பிரேக்கும் இல்லை. காற்று வீசியது. டர்பைன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சுமையும் இல்லை, தடுக்கவும் எதுவும் இல்லை என்பதால் வேகம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் மொத்தமும் சரிந்து விழுந்தது.

அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாடல் சொன்னது சராசரி. நிஜக் காற்று சராசரியாக வீசுவதில்லை, அலை அலையாக வரும். சரியான நேரத்தில் வரும் ஒரு வேகக் காற்று, நின்ற ரோட்டரை அந்தத் தடையைத் தாண்டித் தள்ளிவிடும்.

கம்ப்யூட்டருக்குள் காற்று

இப்போது என் மேஜைக்கு வருவோம். காற்றின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. அவற்றைக் கம்ப்யூட்டரில் தீர்க்கும் வழிதான் வர நாளானது. 1972-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கும், புணேயில் பொறியியல் படித்துவிட்டு அங்கே போன சுஹாஸ் படாங்கரும் சேர்ந்து சிம்பிள் என்ற அல்காரிதத்தை வெளியிட்டார்கள். அழுத்தத்தையும் வேகத்தையும் மாறி மாறித் திருத்திக்கொண்டே விடைக்கு வரும் முறை அது. அதே கல்லூரியில் பிறந்த ஓப்பன்ஃபோம் 2004-ல் இலவச, திறந்த மூல சாஃப்ட்வேராக வந்தது. நான் ஓட்டும் சால்வருக்குள் இருப்பதும் சிம்பிளின் வழித்தோன்றல்தான்.

வேலை இப்படிப் போகும். காற்று இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். அதுதான் மெஷ். ரோட்டர் இருக்கும் வட்டப் பகுதி தனி மெஷ், அது சுற்றும். வெளியே இருப்பது அசையாது. இரண்டும் உரசிக்கொள்ளும் எல்லையில் தகவல் கைமாறும். பிளேடின் தோலை ஒட்டி மட்டும் கட்டங்கள் முடியைவிட மெல்லிசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டால் எப்போது வருகிறது என்பதே தப்பாகிவிடும். கொந்தளிப்புக்கு, 1994-ல் ஃப்ளோரியன் மென்டர் கொடுத்த கே-ஒமேகா எஸ்.எஸ்.டி மாடலைத்தான் பெரும்பாலானோர் எடுக்கிறார்கள். நானும் அதுதான்.

அரைப் பாகைக்கு ஒரு தப்படி என்றால் ஒரு சுற்றுக்கு 720 தப்படி. ஆரம்பக் குழப்பம் அடங்க இருபது சுற்றாவது வேண்டும். 14,400 தப்படி ஆச்சு. ஒவ்வொன்றிலும் இருபது முறை திருத்தினால் 2,88,000 தடவை, லட்சக்கணக்கான கட்டங்களில் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். இதுவும் இரு பரிமாணத்தில் மட்டும், அதாவது டர்பைனின் ஒரு கிடைவெட்டு மட்டும். என் எட்டு கோர் மெஷினில் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது.

ஓடி முடித்ததும் வரும் வண்ணப் படத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவோம். முன் விளிம்பில் சுழல் பிறப்பதும், கழல்வதும், பின்னால் வரும் பிளேடில் மோதுவதும் சினிமா மாதிரி தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும். இரு பரிமாண ஓட்டத்தில் பிளேடின் நுனியில் ஏற்படும் இழப்பு கிடையாது, பிளேடைத் தாங்கும் கைகளின் இழு விசை கிடையாது. ஆகவே திறன் எப்போதும் நிஜத்தைவிடக் கூடுதலாகவே வரும். காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதம்தான் உச்சம் என்ற பெட்ஸ் எல்லையை உங்கள் டர்பைன் தாண்டினால், நோபல் பரிசுக்குத் தயாராக வேண்டாம். பக்கச் சுவர்கள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த சிமுலேஷன்களில் பெரும்பாலானவற்றில் காற்று ரோட்டரைச் சுற்றுவதே இல்லை! சுழல் வேகத்தை நாம் கொடுக்கிறோம், மெஷ் அந்த வேகத்தில் சுற்றுகிறது, என்ன விசை வருகிறது என்று அளக்கிறோம். அவ்வளவுதான். டர்பைன் தானாகத் தொடங்குமா என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. எவ்வளவு நுணுக்கமான மெஷ் போட்டாலும் மக்தலேன் விபத்து அதில் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ரோட்டரின் நிலைமத்தைக் கொடுத்து, காற்றின் வேகத்தை ஏற்றி இறக்கி, அதன் போக்கில் சுற்ற விட வேண்டும். 1978-ல் மாடல் பதில் சொல்லாத கேள்வி எதுவோ, இன்றைய வழக்கமான ஓட்டத்திலும் அதே கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கடைசியில் கொன்றது எது

விபத்துக்குப் பிறகும் இந்த வகை சாகவில்லை. கலிஃபோர்னியாவில் ஃப்ளோவிண்ட் என்ற நிறுவனம் 1980-களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட டாரியூ டர்பைன்களை நிறுவியது. கியூபெக்கின் காப்-ஷா என்ற ஊரில் ஏயோல் என்ற பிரம்மாண்டம் எழுந்தது. உயரம் 110 மீட்டர், திறன் கிட்டத்தட்ட 4 மெகாவாட்.

ஃப்ளோவிண்டின் பிளேடுகள் அலுமினியம். நிமிஷத்துக்கு 50 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 72,000 சுற்று, வருஷத்துக்கு இரண்டரைக் கோடிக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் விசை முன்னும் பின்னும் வளைக்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் உடையுமே, அதே கதை. உருக்குக்கு, இந்த அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் உடையாது என்று ஓர் எல்லை சொல்லலாம். அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. பிளேடுகளில் உலோகச் சோர்வு விரிசல்கள் வந்தன. 1997-ல் நிறுவனம் திவாலானது. ஏயோல் 1993-ல் அடிப்பக்க பேரிங் பழுதாகி நின்றது. மொத்த எடையும் அதன் மேல்தான், மாற்றும் செலவு கட்டுப்படியாகவில்லை. இன்று அது சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பொருள்.

அதற்குள் மூன்று பிளேடு வகை எங்கேயோ போய்விட்டது. ஆக, செங்குத்து அச்சு திறன் குறைவால் மட்டும் தோற்கவில்லை. அதன் பிளேடு படும் பாட்டைக் கணிக்கக் கருவி இல்லாத காலத்தில் சந்தைக்குப் போனதும் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

இப்போது கருவி இருக்கிறது. 2011-ல் கால்டெக்கின் ஜான் டபிரி, எதிரெதிராகச் சுற்றும் செங்குத்து டர்பைன்களை நெருக்கமாக வைத்தால் அதே நிலத்தில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம் என்று களத்தில் அளந்து காட்டினார். மீன் கூட்டம் நீந்துவதிலிருந்து வந்த யோசனை. 2021-ல் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 11,500 மணி நேரத்துக்கு மேல் சிமுலேஷன் ஓட்டி, சரியான இடைவெளியில் ஜோடியாக வைத்தால் ஒன்றின் திறனை இன்னொன்று 15 சதவீதம் வரை உயர்த்தும் என்றார்கள். கடலில் மிதக்கும் காற்றாலைகளுக்கும் இந்த வகை மறுபடி பேசப்படுகிறது. கனமான ஜெனரேட்டர் கீழே இருந்தால் மிதவை எளிதில் கவிழாது, அதுதான் காரணம்.

இதை முயற்சி செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் சோதனை அளவீடுகள் வெளியாகியிருக்கும் ஒரு பழைய டர்பைனை எடுத்து, அதை உங்கள் சிமுலேஷனில் கொண்டுவாருங்கள். சாண்டியா ஆய்வகத்தின் அறிக்கைகள் நிறையவே இலவசமாகக் கிடைக்கின்றன. அது பொருந்திய பிறகு சொந்த வடிவத்துக்குப் போகலாம்.

நான் அடுத்து ஓட்டப்போவது வேகம் கொடுக்காத ரோட்டர். பிரேக் இல்லை, சுமை இல்லை, காற்று மட்டும் ஏறி இறங்கும். எந்த இடத்தில் அது சுற்ற ஆரம்பிக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.