வட்டு நகலாக்கம்

வட்டு நகலாக்கம் என்பது கணினியின் வன்தட்டில் உள்ள இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டுக்கு அப்படியே படியெடுப்பதாகும்.

1970களில் யுனிக்ஸில் இடம்பெற்ற 'டிடி' கட்டளையால் வட்டு முழுவதையும், வெற்றிடங்கள் உட்பட, படியெடுக்க முடிந்தது. ஆகவே புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான 'கோஸ்ட்' மென்பொருள், கோப்பு முறைமையை அறிந்து, தரவு உள்ள பகுதிகளை மட்டும் நகலெடுக்கும் வகையில் வளர்ந்தது. 1998இல் சைமான்டெக் நிறுவனம் அதை வாங்கியது.

பின்னர் விலை மிகுந்த, கொள்ளளவு குறைந்த எஸ்எஸ்டிகள் பரவியபோது, பெரிய வன்தட்டிலிருந்து அவற்றுக்கு மாற இம்முறையே வழிவகுத்தது. ஆனால் பழைய ஆபத்து ஒன்று மாறவில்லை: மூல வட்டையும் இலக்கு வட்டையும் மாற்றிக் குறிப்பிட்டால், காக்க நினைத்த தரவே அழிந்துவிடும்.