சக்கர இடைத்தட்டு

சக்கர இடைத்தட்டு அல்லது வீல் ஸ்பேசர் என்பது தானுந்தின் சக்கரக் குடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே பொருத்தப்படும் தட்டையான உலோக வளையம் ஆகும். இது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் செய்யப்படுகிறது. சக்கரத்தைத் தன் தடிமன் அளவுக்கு வெளிப்புறமாக நகர்த்தி வைப்பதே இதன் பணி. வண்டியின் தோற்றத்தை மாற்றவும் இது பயன்படுகிறது. எனினும், வெளிச்சந்தையில் வாங்கிய சக்கரத்தின் ஆரக்கால்கள் பிரேக்கில் உரசாமல் இருக்கத் தேவையான இடைவெளியைப் பெறுவது இதன் முக்கியப் பயன்களுள் ஒன்றாகும்.

இடைவெளி தேவைப்படும் இடங்கள்

தட்டு பிரேக்கில், சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் உறுப்பு காலிப்பர் எனப்படும். இது சக்கரத்தின் உட்குழிவுக்குள் அமைந்துள்ளது. எனவே இரு இடங்களில் இடைவெளி தேவை:

1. ஆர இடைவெளி: காலிப்பரின் மேற்பகுதிக்கும் ரிம்மின் உட்சுவருக்கும் இடையில் உள்ளது.
2. அச்சு இடைவெளி: காலிப்பரின் வெளிமுகத்துக்கும் ஆரக்கால்களின் பின்புறத்துக்கும் இடையில் உள்ளது.

இடைத்தட்டு இரண்டாவது குறையை மட்டுமே தீர்க்கும். ரிம்மின் விட்டம் போதாவிட்டால் எவ்வளவு தடித்த இடைத்தட்டும் உதவாது. பெரிய சக்கரமே தீர்வு.

2004ஆம் ஆண்டு மாதிரியாக ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முன்புறத்தில் நான்கு பிஸ்டன்கள் கொண்ட பெரிய பிரெம்போ காலிப்பர்கள் இருந்தன. அதே காலத்துச் சாதாரண டபிள்யூஆர்எக்ஸ் வண்டியின் 16 அங்குலச் சக்கரத்தில் போல்ட் துளைகள் ஒத்திருந்தும், விட்டம் போதாமையால் அதை இவ்வண்டியில் மாட்ட இயலாது. 17 அங்குல வெளிச்சந்தைச் சக்கரங்களிலும் சில பொருந்தும், சில பொருந்தா. ஆரக்கால்களின் வளைவு சக்கரத்துக்குச் சக்கரம் வேறுபடுவதே காரணம். விட்டம், அகலம், ஆஃப்செட் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும் இரு சக்கரங்களில்கூட ஒன்று உரசலாம்.

ஆஃப்செட் மாற்றம்

சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும், குடத்தின்மேல் அமரும் முகத்துக்கும் இடையிலான தொலைவு ஆஃப்செட் ஆகும். இது மில்லிமீட்டரில் குறிக்கப்படும். இடைத்தட்டின் தடிமன் இதிலிருந்து கழியும். ஆஃப்செட் 45 மி.மீ. உள்ள சக்கரத்துடன் 5 மி.மீ. இடைத்தட்டு சேர்த்தால் பயனுறு ஆஃப்செட் 40 மி.மீ. ஆகும். இரு பக்கமும் பொருத்தும்போது அவ்வச்சின் சக்கர இடையகலம் 10 மி.மீ. கூடும்.

வகைகள்

* செருகு வகை: ஸ்டட் அல்லது போல்ட் ஊடுருவிச் செல்லும் எளிய தட்டு. பிரேக் இடைவெளிக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. வரையிலான இவ்வகையே போதுமானது.
* முடுக்கு வகை: இது முதலில் குடத்துடன் முடுக்கப்படும். பின்னர் இதிலுள்ள ஸ்டட்களில் சக்கரம் மாட்டப்படும். இது தடித்ததாகவே இருக்க இயலும்.

சில மில்லிமீட்டர் இடைவெளிக்காக ஒவ்வொரு ஸ்டட்டிலும் வாசர்களை அடுக்குவது ஆபத்தானது. அப்போது சக்கரத்தின் முகம் குடத்தில் முழுமையாக அமராமல் சில புள்ளிகளில் மட்டுமே தாங்கப்படுகிறது. மெல்லிய இடைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

மரைப் பிடிப்பு

செருகு வகையில் மிகவும் கவனிக்க வேண்டியது மரைப் பிடிப்பாகும். ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்கு நட் மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உள்ள ஸ்டட்டில் நட் குறைந்தது 8 முழுச் சுற்று ஏற வேண்டும். முன்பு 16 மி.மீ. பிடிப்பு இருந்த இடத்தில் 5 மி.மீ. இடைத்தட்டு நுழைந்தால் எஞ்சுவது 11 மி.மீ. மட்டுமே. அந்நிலையில் நீண்ட ஸ்டட்களைப் பொருத்த வேண்டும். பிடிப்புக் குறைந்தால் மரை சிதைந்து, ஓடும்போதே சக்கரம் கழன்று விழக்கூடும்.

பல ஜெர்மானிய வண்டிகளில் உள்ளதுபோல் போல்ட் பயன்படும் இடத்தில், இடைத்தட்டின் தடிமன் அளவுக்கு நீண்ட போல்ட்களை இட வேண்டும். பின்னர் இடைத்தட்டைக் கழற்றினால் பழைய போல்ட்களையே மீண்டும் இட வேண்டும். நீண்ட போல்ட்டின் முனை குடத்தின் பின்னால் உள்ள கைப்பிரேக் உறுப்புகளில் இடிக்கக்கூடும்.

மையப்படுத்தல்

குடத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் விளிம்பு சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. இடைத்தட்டு இவ்விளிம்பின் உயரத்தில் ஒரு பகுதியை மறைத்துவிடும். மிகுதியாக மறைந்தால், தனக்கென நடுவிளிம்பு உள்ள இடைத்தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சக்கரம் மையம் தவறினால் வேகத்தில் அதிர்வு தோன்றும்.

அளவிடும் முறை

பிரேக் தயாரிப்பாளர்கள் சிலர் காலிப்பரின் வெளிவடிவத்தை வரைபடமாக வெளியிடுகின்றனர். அதை அட்டையில் வெட்டிச் சக்கரத்தின் உட்புறம் வைத்துப் பார்க்கலாம். காலிப்பரின்மேல் களிமண் ஒட்டிச் சக்கரத்தை மாட்டி, கையால் சுழற்றி, எஞ்சும் களிமண்ணின் தடிமனை அளப்பது மற்றொரு முறை. சுமார் 3 மி.மீ. இடைவெளி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

நகரும் வகைக் காலிப்பரில், பட்டைகள் தேயத் தேயக் காலிப்பர் உட்புறமாக நகரும். எனவே தேய்ந்த பட்டைகளுடன் அளந்தால் இடைவெளி உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். புதிய பட்டைகள் இட்டதும் உரசல் தோன்றலாம். ரிம்மின் உட்புறம் ஒட்டப்படும் சமநிலை எடைகளுக்கும் இடம் விட வேண்டும்.

பொருத்துமுன் குடத்தின் துருவை நீக்க வேண்டும். நட்களை வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசையில் முடுக்கி, சுமார் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பக்க விளைவுகள்

சக்கரம் வெளியே நகர்வதால் பேரிங் மீதான திருப்புவிசை கூடுகிறது. டயர் மட்கார்டில் உரச வாய்ப்புண்டு. முன்சக்கரங்களில், திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தொலைவு மாறுவதால், பள்ளங்களின் அதிர்ச்சி ஸ்டியரிங்கில் கூடுதலாக உணரப்படலாம். தடிமன் ஏற ஏற இவ்விளைவுகளும் ஏறும். ஆகவே உரசலைத் தவிர்க்கப் போதுமான மிகக் குறைந்த தடிமனைத் தேர்ந்தெடுப்பதே நன்று. தடித்த இடைத்தட்டு தேவைப்படும் சக்கரத்தைவிட, ஆரக்கால் வளைவு பொருந்தும் வேறு சக்கரமே சிறந்தது.

சட்ட நிலை

இடைத்தட்டு குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஜெர்மனியில் இவற்றுக்குப் பொது அனுமதியோ தொழில்நுட்பச் சான்றறிக்கையோ தேவை. சான்றறிக்கையுடன் வருவனவற்றைப் பொருத்தியபின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். தவறினால் வண்டியின் இயக்க அனுமதி செல்லாததாகக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* தட்டு பிரேக்
* உலோகக்கலவைச் சக்கரம்
* திருகு மரை