பரிசு பெற்ற செய்திக்கட்டுரைகளும் இதழியல் கல்வியும்: 1979 – 1981 ஒரு வரலாற்று நோக்கு

இதழியல் கற்பிப்போர் பரிசு பெற்ற செய்திக்கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவற்றைப் போல எழுதிப் பழகச் சொல்வது பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். இலக்கியத் துறையைச் சார்ந்து இதழியல் பாடம் நடத்தும் நமக்கு இம்முறை எளிதில் கைவரும். பாடத்தைப் படித்து அதன் நயம் உரைப்பது நம் தொழிலன்றோ! எனினும், இம்முறை அமெரிக்காவில் வேரூன்றிய காலத்தையும், அடுத்த சில ஆண்டுகளிலேயே அது சந்தித்த சோதனையையும் அறிந்துகொள்வது நமக்கு இன்றியமையாததாகும்.

ஹங்கேரியில் 1847இல் பிறந்து, அமெரிக்காவில் நாளிதழ் அதிபராக உயர்ந்த ஜோசப் புலிட்சரின் கொடையால் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1912இல் திறக்கப்பட்டது. அவர் பெயரிலான பரிசுகள் 1917 முதல் வழங்கப்பட்டன. பள்ளியும் பரிசும் ஒரே கொடையில் பிறந்தவை. ஆயினும் சிறப்புக்கட்டுரை எனும் பிரிவு, எழுத்தின் இலக்கியத் தரத்தை முதன்மையாக நோக்கும் பிரிவாக, 1979இல்தான் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க நாளிதழாசிரியர் சங்கத்தின் எழுத்துப் பரிசுகளைப் பெற்ற ஆக்கங்கள் ஆண்டுத் தொகுப்பாக வெளிவரத் தொடங்கின. அத்தொகுப்பை உருவாக்கியவர் ராய் பீட்டர் கிளார்க். இவர் செய்தியாளராக வளர்ந்தவர் அல்லர். இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர். 1977இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழ் தன் செய்தியாளர்களுக்கு எழுத்துப் பயிற்சியளிக்க இவரை அழைத்துக்கொண்டது.

கிளார்க்கின் தொகுப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதில் கட்டுரை தனித்து நிற்பதில்லை. எழுதியவருடன் நிகழ்த்திய நேர்காணலும் உடன் அச்சிடப்பட்டது. செய்தி எவ்வாறு திரட்டப்பட்டது, எது விடப்பட்டது, முதல் வரி எப்படி அமைந்தது என்றெல்லாம் அதில் வினவப்பட்டன. மூலமும் உரையும் இணைந்தே வரும் ஏடுகளில் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆனால் பிற்காலத்தில் பல வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது மூலம் மட்டுமே, உரை நகலெடுக்கப்படவில்லை!

புதிய பிரிவில் முதற்பரிசு பெற்றவர் பால்டிமோர் ஈவனிங் சன் நாளிதழின் ஜான் பிராங்க்ளின். 1978 டிசம்பரில் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது கட்டுரை, திருமதி கெல்லி என்பவருக்கு நடந்த மூளை அறுவையைப் பற்றியது. அறுவை மருத்துவர் டக்கரின் காலை உணவில் அது தொடங்குகிறது. கை நடுங்கக்கூடும் என்பதால் அவர் காப்பி அருந்துவதில்லை. அறுவைக் கூடத்தில் இதயத் துடிப்பின் ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. மணியும் நிமிடமும் குறிக்கப்படுகின்றன. முடிவில் நோயாளி பிழைப்பதில்லை. மருத்துவர் தம் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். சிறுகதையின் கட்டுக்கோப்பு அனைத்தும் இதில் உண்டு. பிராங்க்ளின் 1986இல் எழுதிய பயிற்சி நூலில் இக்கட்டுரைக்குத் தாமே குறிப்புரையும் வரைந்துள்ளார்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1981 ஏப்ரலில், அதே பிரிவின் பரிசு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஜேனட் குக்குக்கு அறிவிக்கப்பட்டது. எட்டு வயதில் ஹெராயினுக்கு அடிமையான 'ஜிம்மி' என்னும் சிறுவனைப் பற்றி 1980 செப்டம்பர் 28இல் வெளிவந்த கட்டுரை அது. உள்ளூர்ச் செய்திப் பிரிவில் போட்டியிட்ட அதனைப் பரிசு வாரியமே சிறப்புக்கட்டுரைப் பிரிவுக்கு மாற்றியது. குக் கூறிய கல்வித் தகுதிகள் பொய்யென்று பரிசுச் செய்தியைத் தொடர்ந்து தெரியவந்தது. அவர் முன்பு பணியாற்றிய டொலீடோ நாளிதழில்தான் முதல் ஐயம் எழுந்தது. அதனைத் தொடர்ந்த விசாரணையில், ஜிம்மி என்றொரு சிறுவனே இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பரிசு திருப்பித் தரப்பட்டது.

இவ்விரு கட்டுரைகளையும் அருகருகே வைத்து நடையழகை மட்டும் ஆராய்வோமாயின், மெய் எது, புனைவு எது என்று நம்மால் கூற இயலாது. இரண்டிலும் காட்சி உண்டு, உரையாடல் உண்டு, நுண்ணிய விவரம் உண்டு. குக் எழுத்துக்கலையை நன்கு கற்றவரே. நம் இலக்கியப் பயிற்சி இவ்விடத்தில் நமக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. புனைவை மதிப்பிட அமைந்த அளவுகோலால் செய்தியை அளக்கும்போது, புனைவே மேலோங்கி நிற்பது இயல்பு.

வேறுபாடு வேறொன்றில் உள்ளது. பிராங்க்ளினின் கட்டுரையில் மருத்துவருக்குப் பெயருண்டு, நேரத்திற்குக் கணக்குண்டு, அறுவைக் கூடத்தில் உடனிருந்தோர் உண்டு. ஐயுற்றவர் எவரும் சென்று கேட்டிருக்கலாம். ஜிம்மியின் கட்டுரையில் அவ்வாறு சென்று கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லை.

வாஷிங்டன் போஸ்ட்டில் வாசகர் சார்பில் இதழைக் கண்காணித்து வந்த பில் கிரீன், நிகழ்ந்தது அனைத்தையும் விசாரித்து எழுதிய நீண்ட அறிக்கை 1981 ஏப்ரல் 19இல் அதே நாளிதழில் வெளிவந்தது. அச்சிறுவன் யார், எங்கிருக்கிறான் என்பதை வெளியிடும்படி ஆசிரியர்கள் குக்கை வற்புறுத்தவில்லை என்பதை அது காட்டுகிறது. கட்டுரை வெளியானதும் காவல்துறை சிறுவனைத் தேடியது, அகப்படவில்லை. உடன்பணியாற்றிய செய்தியாளர் ஒருவர் குக்கைக் காரில் அழைத்துச் சென்றபோது, அவரால் அந்த வீட்டைக் காட்ட முடியவில்லை. ஐயங்கள் அலுவலகத்திலேயே இருந்தன. இருந்தும் கட்டுரை போட்டிக்கு அனுப்பப்பட்டது.

நம் கருத்தில், பரிசு பெற்ற கட்டுரை எதனைக் காட்டிலும் இவ்வறிக்கையே இதழியல் மாணவர்க்குச் சிறந்த பாடமாகும். இதில் நடையழகு குறைவு. ஆயினும் யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது வரிக்கு வரி பதிவாகியுள்ளது. இவற்றைக் கற்பிக்கும்போது நாம் கையாளும் முறை இதுதான்: பிராங்க்ளினின் கட்டுரையையும் ஜிம்மியின் கட்டுரையையும் முதலில் எவ்வித முன்குறிப்புமின்றித் தருகிறோம். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், 'எழுதியவர் இதனை எவ்வாறு அறிந்தார், நேரில் கண்டா, பிறர் சொல்லக் கேட்டா, ஆவணத்தில் படித்தா' என்று மாணவர் குறித்து வரவேண்டும். ஒரு கட்டுரையின் ஓரம் விரைவில் நிரம்பிவிடும். மற்றதன் ஓரத்தில் கேள்விக்குறிகளே மிகும். கிரீனின் அறிக்கையை அதன்பிறகே தருகிறோம்.