நிகழ்வுப் பதிவும் ஒலிப்பதிவும்: மிடித் தாள வரிசையாக்கியின் வெளியீடு கையடக்க இசைச் செயலிகளை அடைந்த வரலாறு (1980–2020)

ஆய்வுச் சுருக்கம்

தாள வரிசையாக்கி எனப்படும் டிரம் சீக்வென்சரின் வெளியீட்டை மற்றோர் இசையாக்க மென்பொருளுக்குள் பதிவுசெய்வதற்கு இரு வழிகள் உள்ளன. அதன் ஒலியைப் பதிவுசெய்யலாம். அல்லது அவ்வொலியை எழுப்பும் கட்டளைகளாகிய மிடி நிகழ்வுகளைப் பதிவுசெய்யலாம். கையடக்கக் கருவிகளில் ஒலிவழி 2012-இல் ஒழுங்குபெற்றது. நிகழ்வுவழி 2010-இலேயே திறந்திருந்தும், பொதுவான காலக்கோட்டுடன் இணைந்தது 2017-இல்தான். இக்கால இடைவெளியின் காரணங்களையும், அக்காலத்துப் படைப்புகளை ஆவணமாகக் கொள்ளும் இசை வரலாற்றாய்வில் அது ஏற்படுத்தும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிடி, தாள வரிசையாக்கி, ஒலிப்பதிவு, ஐஓஎஸ், செருகுநிரல், இசை ஆவணம்.

முன்னுரை

தமிழில் 'பதிவு' என்னும் சொல் பத்திரப் பதிவு, வருகைப் பதிவு, ஒலிப்பதிவு ஆகிய அனைத்துக்கும் வழங்குகிறது. ஒரு நிகழ்வு நடந்தது என்று குறித்துவைப்பதும், அந்நிகழ்வின் ஒலியையே பிடித்துவைப்பதும் இச்சொல்லின் பொருளில் அடங்குகின்றன. மின்னணு இசையில் இவ்விரு பொருள்களும் தனித்தனித் தொழில்நுட்பங்களாகப் பிரிந்து நிற்கின்றன. மிடிப் பதிவில் ஒலி இல்லை. எந்த எண்ணுக்குரிய ஒலி, எந்த நேரத்தில், எவ்வளவு விசையுடன் எழவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. ஒலிப்பதிவில் இக்குறிப்பு இல்லை. விளைந்த ஒலி மட்டுமே உண்டு. இவற்றுள் எது எளிதாகக் கிடைத்தது என்பது ஒவ்வொரு காலத்தின் கருவி அமைப்பைப் பொறுத்தது. அவ்வமைப்பு மாறிவந்த முறையைக் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனித்தியங்கிய தாளப்பொறிகள்

1980-இல் வெளிவந்த இரு பொறிகள் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளத்தக்கவை. அமெரிக்காவில் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம்களின் எண்ணிமப் பதிவுகளை ஒலித்தது. சப்பானிய நிறுவனமான ரோலண்டின் டிஆர்-808, மின்சுற்றுகளால் ஒலியைத் தொகுத்தது. இரண்டிலும் பயனர் தாமே தாளக் கட்டுகளை அமைத்துச் சேமிக்க முடிந்தது. இசைப்பவர் சற்று முன்பின்னாகத் தட்டியதை நேரக் கட்டத்துக்குள் நிறுத்தும் நேரத்திருத்தமும், சம இடைவெளியைச் சற்றே சாய்த்து அசைவூட்டும் 'சுவிங்' வசதியும் லின்னின் பொறியில் இடம்பெற்றிருந்தன.

ஆயினும் இப்பொறிகளின் தாளக் கட்டு அவற்றின் நினைவகத்தைவிட்டு வேறு நிறுவனத்தின் கருவிக்குச் செல்லப் பொதுவழி இல்லை. ரோலண்டு கருவிகள் ஒத்திசைவுக் கம்பிவழியாக ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகள் அனுப்பித் தம்முள் ஒரே வேகத்தில் இயங்கின. அத்துடிப்பு வேகத்தை மட்டுமே சொன்னது. எந்த டிரம் ஒலித்தது என்பதைச் சொல்லவில்லை. எனவே இப்பொறிகளின் வெளியீட்டைப் பதிவுசெய்வது என்றால் அவற்றின் ஒலியை நாடாவில் ஏற்றுவது என்றே பொருள்பட்டது.

மிடி: கட்டளையைக் கடத்தும் பொதுமொழி

சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுதாரோ ககெஹாஷி ஆகியோரின் முன்முயற்சியில் உருவான மிடி, 1983 சனவரியில் அமெரிக்காவின் நாம் கண்காட்சியில் புரோபெட்-600, ஜூபிட்டர்-6 ஆகிய இரு இசைக்கருவிகளை இணைத்து நிகழ்த்திக்காட்டப்பட்டது. இப்பணிக்காக இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. அதே 1983-இல் வந்த டிஆர்-909, மிடி வாயில் கொண்ட ரோலண்டின் முதல் டிரம் மெஷின் ஆயிற்று.

மிடியின் இயக்கம் எளியது. ஒரு நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் தரவு செல்கிறது. ஒரு பைட்டை அனுப்பத் தொடக்க, முடிவு பிட்டுகளுடன் 10 பிட்டுகள் தேவை. ஆகவே ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோநொடி ஆகிறது. ஒரு டிரம் அடியைக் குறிக்கும் கட்டளை மூன்று பைட்டுகளைக் கொண்டது: சேனலுடன் கூடிய கட்டளைவகை, ஒலியின் எண், விசை. இதற்கு 0.96 மில்லிநொடி தேவை. நான்கு டிரம்கள் ஒரே கணத்தில் ஒலிக்கவேண்டுமெனில் நான்காவது கட்டளை சென்றுசேர 3.84 மில்லிநொடி ஆகும். அதாவது, மிடிக் கம்பியில் 'ஒரே கணம்' என்பது உண்மையில் ஒரு சிறு வரிசையே.

எந்த எண் எந்த டிரம்மைக் குறிக்கும் என்பது தொடக்கத்தில் கருவிக்குக் கருவி வேறுபட்டது. 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி, 10-ஆவது சேனலைத் தாளத்துக்கு ஒதுக்கி, 35 முதல் 81 வரையிலான எண்களுக்கு 47 தாள ஒலிகளை நிலைப்படுத்தியது. 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட் என்ற வழக்கு இன்றும் தொடர்கிறது. இதற்கு முன்பே, 1988-இல், மிடித் தரவைக் கோப்பாகச் சேமிக்கும் பொது வடிவமும் வரையறுக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபின் ஒரு தாளக் கட்டு, தான் பிறந்த பொறியை விட்டு நீங்கியும் பொருள் இழக்காமல் வாழ முடிந்தது.

எனினும் சில கூறுகள் தரவில் இடம்பெறுவதில்லை. மூடிய ஹை-ஹேட் ஒலித்ததும் திறந்த ஹை-ஹேட்டின் நீளொலி அடங்கவேண்டும் என்பது ஏற்கும் கருவியின் நடத்தை. 42, 46 என்ற எண்கள் அதைத் தம்மளவில் சொல்வதில்லை. ஆகவே நிகழ்வுப் பதிவு எப்போதும் ஒரு வாசிப்பாளரை எதிர்நோக்கி நிற்கும் பனுவலாகும்.

கையடக்கத்தின் முன்வரலாறு

கையடக்க இசையாக்கம் கைபேசியுடன் தொடங்கவில்லை. 1990-இல் யமஹா வெளியிட்ட க்யூஒய்10, வீடியோ கேசட் அளவில், மின்கலத்தில் இயங்கியது. தாள ஒலிகள், வரிசையாக்கி, மிடி வாயில் ஆகியவை ஒரே பெட்டியில் இருந்தன. பயணத்தில் அமைத்த தாளத்தை மிடிக் கம்பிவழியாக வீட்டிலுள்ள கணினிக்கு நிகழ்வுகளாகவே மாற்றலாம். கையடக்கக் கருவி நிகழ்வுப் பதிவை நோக்கியே முதலில் வளர்ந்தது என்பதற்கு இது சான்று.

கைபேசிச் செயலிகள்: தனிமைக்கு மீளல்

2008 சூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டது. அவ்வாண்டே இன்டுவா நிறுவனத்தின் பீட்மேக்கர் வெளிவந்தது. 2010-இல் கோர்க் நிறுவனம் தன் எலக்ட்ரைப் பொறியை ஐபேடில் ஐஎலக்ட்ரைப் என்னும் செயலியாக வடித்தது. ஆனால் ஐஓஎஸ் அமைப்பு ஒவ்வொரு செயலியையும் மற்றதிலிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் வைத்தது. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஒரு செயலியே இயங்கியது. 2009-இல் வந்த நகலெடுத்து ஒட்டும் வசதியைக்கொண்டு ஒலித்துண்டுகளைச் செயலிகளுக்கிடையே கடத்தும் வழக்கம் உருவானது. 1980-இன் பொறிகளைப்போலவே, வெளியே எடுக்கக்கூடியது ஒலி மட்டுமே என்ற நிலை மீண்டது.

2010-இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. சூனில் வந்த ஐஓஎஸ் 4, பின்னணியில் ஒலி இயங்குவதை அனுமதித்தது. நவம்பரில் வந்த ஐஓஎஸ் 4.2, மேக் கணினியிலிருந்த கோர் மிடியை ஐபேடுக்கும் கொணர்ந்தது. இதனால் வெளிக்கருவியிலிருந்தும், மெய்நிகர் வாயில்வழியாக மற்றொரு செயலியிலிருந்தும் மிடி நிகழ்வுகளைப் பெற இயன்றது. ஆயின் இரு செயலிகளும் ஒரே காலக்கோட்டைப் பகிரவில்லை. வரிசையாக்கியில் முதல் அடி விழும் கணமும் பதிவுச் செயலியின் முதல் அளவை தொடங்கும் கணமும் ஒன்றாக இருக்க உறுதியான ஏற்பாடு இல்லை. மிடிக் கடிகாரம் கால் நோட்டுக்கு 24 துடிப்புகளையே தருகிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் இரு துடிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 20.8 மில்லிநொடி. மேலும் கைபேசி ஒலியை இடையகங்களாகத் தொகுத்தே செயற்படுத்துகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் 512 மாதிரி கொண்ட இடையகம் 11.6 மில்லிநொடி நீளமுடையது. நிகழ்வின் நேரமுத்திரையைப் பொருட்படுத்தாத செயலியில், அடிகள் இவ்விடையகத்தின் எல்லைக்கு இழுபட்டுப் பதிவாகும். லின் பொறி முதல் பேணப்பட்டுவந்த சுவிங் அசைவைக் குலைக்க இவ்வளவு பிழையே போதுமானது.

ஒலிவழி முந்தியது ஏன்?

2012 திசம்பரில் ஆடியோபஸ் வெளிவந்தது. ஒரு செயலியின் ஒலியை நேரடியாக மற்றொன்றுக்குள் பதிவுசெய்ய அது வழிவகுத்தது. அதே மாதம் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட கியூபேசிஸ், ஒலித்தடங்களையும் மிடித்தடங்களையும் ஒருங்கே கொண்டிருந்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 செயலிகளுக்கிடையிலான ஒலிக்கு அமைப்பளவிலேயே வசதி தந்தது. 2015-இல் ஐஓஎஸ் 9, ஆடியோ யூனிட் மூன்றாம் பதிப்புவழியாகச் செருகுநிரல்களை அறிமுகப்படுத்தியது.

இவற்றில் மிடி செல்லும் திசை கருதத்தக்கது. பதிவுச் செயலியே நிகழ்வுகளை வைத்திருக்கும். அது அவற்றை இசைக்கருவிச் செயலிக்கு அனுப்பும். அங்கிருந்து ஒலி திரும்பிவரும் என்ற மாதிரியே அடிப்படையாக இருந்தது. நிகழ்வுகளைப் பிறப்பிக்கும் செயலி ஒன்று இருக்கலாம் என்பது இம்மாதிரியில் இடம்பெறவில்லை. தாள வரிசையாக்கி இங்கு இசைக்கருவியாக மட்டுமே காணப்பட்டது. தாளத்தை இயற்றுவதாகக் காணப்படவில்லை. ஆகவே ஒலிவழி முந்தியமைக்குத் தொழில்நுட்பக் கடினம் மட்டும் காரணமன்று. மாதிரியை வகுத்தோரின் கருவிக் கருத்தாக்கமும் காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

2017: நிகழ்வுவழி ஒழுங்குபெறல்

2017-இல் இந்நிலை மாறியது. ஆடியோபஸின் மூன்றாம் பதிப்பு மிடியையும் கடத்தத் தொடங்கியது. செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, செருகுநிரல் தானே மிடி நிகழ்வுகளை வெளியிட இடமளித்தது. ஒவ்வொரு நிகழ்வும் ஒலி மாதிரியின் எண்ணிக்கையில் அளந்த நேரத்துடன் வெளிவருவதால், இடையக எல்லைக்கு இழுபடும் சிக்கல் நீங்கியது. பதிவுச் செயலியின் வேகத்தையும் அளவை நிலையையும் செருகுநிரல் அறிந்தே இயங்கும். அவ்வாண்டிலேயே பிராம் போஸ் வெளியிட்ட ரோசெட்டா தொகுப்பு இவ்வசதியை முதலில் பயன்கொண்டவற்றுள் ஒன்று. தாளத்துக்கான வரிசையாக்கியும் அதில் இடம்பெற்றது.

நிகழ்தகவு அடிப்படையில் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறாக ஒலிக்கும் வரிசையாக்கிகளுக்கு இம்மாற்றம் இன்றியமையாதது. அவற்றில் அமைப்பு ஒன்றே. விளையும் தாளங்கள் பல. நிகழ்வுப் பதிவு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்துகிறது. பின்னர் ஓர் அடியை மட்டும் நீக்கவோ மாற்றவோ இயல்கிறது.

ஆவணச் சிக்கல்

இவ்வரலாறு இசையாய்வாளருக்கு ஏன் வேண்டும்? 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32-பிட் செயலிகள் அதில் இயங்காமற்போயின. 2019-இல் ஐஓஎஸ் 13, செயலிகளுக்கிடையிலான ஒலி வசதியைக் கைவிடப்படவுள்ள ஒன்றாக அறிவித்தது. நிகழ்வுவழி ஒழுங்குபெற்ற அதே பதிப்பு, அதற்கு முந்தைய காலத்தின் புதுப்பிக்கப்படாத செயலிகளை மூடியது என்பது கவனத்துக்குரியது. 2008 முதல் 2017 வரை கைபேசியில் இயற்றப்பட்ட தாளங்களுள், செயலியின் நினைவகத்தில் மட்டும் இருந்தவை அச்செயலியோடு மறைந்தன. ஒலியாகப் பதிவானவை கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் கட்டமைப்பைக் காது கொண்டே மீட்டெடுக்க வேண்டும். மிடியாகப் பதிவானவற்றின் கட்டமைப்பு முழுமையாக உள்ளது. ஆனால் அவற்றின் மூல ஒலி இல்லை.

ஆகவே இக்காலப் படைப்பொன்றை ஆராய்வோர், கையிலுள்ள கோப்பு இவ்விரண்டில் எது என்று முதலில் உறுதிசெய்தல் வேண்டும். மிடிக் கோப்பில் காணும் நேரச் சிதறலை இசைப்பவரின் பாணி எனக் கொள்ளுமுன், அது 2010–2017 காலத்து மெய்நிகர் வாயில்வழிப் பதிவா என ஐயுறல் தகும். சிதறல்கள் இடையக நீளத்தின் மடங்குகளில் அமைந்திருப்பின் அவை கருவியின் சுவடாதல் கூடும்.

முடிவுரை

தாள வரிசையாக்கியின் வெளியீட்டைப் பதிவுசெய்தல் நாற்பதாண்டுகளில் இருமுறை ஒரே பாதையைக் கடந்துள்ளது. தனித்தியங்கிய பொறிகளிலிருந்து ஒலி மட்டும் வெளிவந்த நிலை 1983-இல் மிடியால் மாறியது. கூண்டுச் செயலிகளால் மீண்ட அதே நிலை 2017-இல் மாறியது. 2020 சனவரியில் ஏற்கப்பட்ட மிடி 2.0, டிரம் அடியின் விசையைக் குறிக்கும் அளவை 7 பிட்டிலிருந்து 16 பிட்டாக உயர்த்தி, நிகழ்வுப் பதிவின் நுண்மையை மேலும் கூட்டியது. நுண்மை எவ்வளவு கூடினும் நிகழ்வுப் பதிவு ஒலியின் இடத்தை நிரப்பாது. ஒலிப்பதிவு கட்டமைப்பின் இடத்தை நிரப்பாது. கையடக்கக் கருவிகளில் பிறக்கும் இசையைப் பேண முனையும் காப்பகங்கள் ஒவ்வொரு தாளத் தடத்துக்கும் இரண்டையும் ஒருசேரப் பெற்று, பதிவான செயலி, அமைப்பின் பதிப்பு, பதிவு வழி ஆகியவற்றையும் உடன் குறித்துவைத்தல் இன்றியமையாதது.